தாம்பாளத்தில் மிஞ்சிய சாவி

முதலாளி அவர்களுக்கு,

ஷெட்டில் எல்லோரும் உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் கூப்பிட்டுவிட்டுப் போகிறேன். எழுதுவது உன்னைப் பெற்றவன். இதை உறையில் போட்டு உன் மேஜையில் வைத்திருக்கலாம். போனுக்கு அனுப்பியிருக்கலாம். குற்றாலத்தில் உன் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டியிருக்கலாம். வேண்டுமென்றுதான் ஷெட் சுவரில் நீ மாட்டியிருந்த போர்டைக் கழற்றிப்போட்டு, அந்த இடத்தில் பசை தடவி ஒட்டியிருக்கிறேன். நீ வருவதற்குள் டிரைவர்கள் வந்து படித்திருப்பார்கள். படிக்கட்டும். ஒரு மனுஷனை நீ ஐந்து பேர் பார்க்க அவமானப்படுத்தினாய். அதற்கான பதிலை நான் உன் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னால் அது பதிலாகாது. கிழித்துப் போடலாம் என்று கையை நீட்டாதே, ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் நடந்ததை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் நீ செய்ததை நீ எப்படிப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது, நான் எப்படிப் பார்த்தேன் என்று நீ தெரிந்துகொள். ஆயுத பூஜைக்கு ஆறு லாரிகளையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டி, ஆறு சாவிகளையும் தாம்பாளத்தில் வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். அன்றைக்கு எந்த வண்டியும் எடுப்பதில்லை. மறுநாள் விஜயதசமி காலையில் முதலாளி ஒவ்வொரு சாவியாக எடுத்து, வெற்றிலையும் எலுமிச்சம்பழமும் சேர்த்து டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் வண்டியை எடுத்து, சக்கரத்தடியில் வைத்த பழத்தை நசுக்கி முன்னால் நகர்த்துவான். ஒரே ஒரு லாரி வைத்திருந்த காலத்தில் நானே சாவியை எடுத்து நானே கண்ணில் ஒற்றிக்கொள்வேன், உன் அம்மா சிரிப்பாள். அந்த வழக்கத்தை நீ விடவில்லை என்று முந்தாநாள் காலை வரைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஐந்து சாவி கொடுத்தாய். ஆறாவதாக இசக்கிமுத்து கையை ஏந்திக்கொண்டு நின்றான். நீ தாம்பாளத்தைத் தூக்கிக் கணக்குப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, "நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க டிரைவர். மலை ஏத்தத் தெரியாதவங்களுக்கு நம்ம வண்டி எதுக்கு?" என்றாய். பத்து வருஷமாக அவனை எசக்கி அண்ணன் என்று கூப்பிட்ட வாய் அது. அவன் ஏந்திய கையை மடக்கி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, பொரிகூட வாங்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

நான் அங்கேதான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயில் பொரி இருந்தது. எழுந்து தாம்பாளத்தைப் பிடுங்கி, "ஏலே, அந்தச் சாவிய அவன்ட்ட குடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. சொல்லவில்லை. மென்றுகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா சோறு போடாமல் என் எதிரில் வந்து நின்றாள். "அவன் தெரியாம பேசுதான். தெரிஞ்ச நீங்க எதுக்கு வாயத் தொறக்கல?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இத்தனை வருஷம் தெரிந்துகொண்டே எனக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டவள் அவள். அவள் மேலும் எனக்குக் கோபம்தான், முன்பே உன்னிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் என் பொய்யை அவள் வந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் என் புத்திதான்.

இசக்கி செய்த குற்றம் என்ன? வண்டிகளைக் கண்காணிக்க உன் போனில் ஓடுகிற அந்த ஆப்பில் அவன் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளிகள் விழுகின்றன. மலையில் கியர் மாற்றுகிறான், ஒரு சிவப்பு. வளைவில் மெதுவாகப் போகிறான், இன்னொரு சிவப்பு. போன மாதம் ஷெட்டில் அவனை நிறுத்திவைத்துக் கேட்டாயே, நினைவிருக்கிறதா? "மலையடிவாரம் புளியரையில பன்னெண்டு நிமிஷம் வண்டி நிக்குது. எதுக்கு நின்னீங்க? டீ குடிக்கவா?" அவன் நிதானமாகத்தான் பதில் சொன்னான். "முன்னால ஒரு வண்டி லோடோட ஏறிட்டிருந்துச்சு தம்பி. அவன் எஸ் வளைவு தாண்டட்டும்னு இஞ்சின அமத்திட்டு நின்னேன். நடு மேட்டுல நின்னுட்டா திரும்ப இழுக்கது கஷ்டம்லா." மலை ஏற்றுகிற வேலையில் பாதி அந்த ஒரு பதிலில் இருந்தது. உன் காதில் ஏறவில்லை. "எங்க அப்பா நிக்கவே மாட்டாரு. கீழ பிடிச்ச கியர மேல போயித்தான் விடுவாரு" என்றாய். அப்போது இசக்கி என்னை ஒரு தரம் பார்த்தான். ஒரே ஒரு தரம்தான். நான் டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கழற்றிப்போட்ட போர்டில் என்ன எழுதியிருந்தது? "ஒரே கியர், ஒரே மூச்சு." கீழே என் போட்டோ. ஆறு கேபினிலும் அதையே ஸ்டிக்கராக ஒட்டினாய். உன் நாலைந்து முதலாளி நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலைப் பிடித்து டிரைவர்களுக்குப் பயிற்சி நடத்தினாயே, அங்கே என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினாய். மைக் கையில் வந்ததும் எனக்குப் புத்தி கெட்டுப்போனது. புளியரையில் நாலாவது கியரைப் போட்டு வேகம் பிடித்தால் மலை உச்சியில் கோட்டைவாசல் வரைக்கும் கிளட்சை மிதிக்கவே கூடாது, மலை நம் மிதிக்குப் பயப்பட வேண்டும் என்றெல்லாம் அளந்துவிட்டேன். கைதட்டினார்கள். வெளியே அருவிக்குப் போகிற கூட்டம் நனைந்துகொண்டே நடந்தது, உள்ளே நான் ஒரு ஹால் நிறைய டிரைவர்களைச் சாகடிக்கிற வித்தையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். இசக்கியும் கடைசி வரிசையில் இருந்தான். அவன் மட்டும் கைதட்டவில்லை என்பதை நான் கவனித்தேன்.

உண்மை இதுதான். நீ ஏழாவது படிக்கும்போது சிமென்ட் லோடுக்குத் தார்ப்பாய் கட்டுகையில் மேலே இருந்து சறுக்கி விழுந்தேன். இடது முழங்கால் பிசகியது. எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று உங்களிடம் சொன்னேன், ஆனால் அந்தக் கால் அதற்குப் பிறகு என் காலாக இல்லை. சமதளத்தில் சமாளித்துவிடுவேன். மலையில், லோடோடு, நம் பழைய வண்டியின் கிளட்சை நாலு தரம் மிதித்தால் ஐந்தாவது தரம் கால் நடுங்கும், மிதி முழுதாக இறங்காது. கால் போன டிரைவர் என்று செங்கோட்டை டீக்கடையில் ஒருத்தன் சொல்லிவிட்டால் பிறகு எனக்கு அந்தப் பெயர்தான் நிலைக்கும் என்று பயந்தேன். அதனால் கிளட்சை மிதிக்காமல் மலை ஏறுகிற வழியைத் தேடினேன். கிழக்கு வெளுக்கும்போதே கிளம்புவேன், எதிரே வண்டி இருக்காது. கொஞ்சம் குறைவாக லோடு ஏற்றுவேன், கேட்டால் டயர் பழசு என்பேன். கீழே இருக்கிற நேர்ரோட்டில் வேகம் பிடித்து, ஒரே கியரில் இஞ்சின் முக்கி முனகி மேலே போய்ச் சேரும். பார்த்தவர்கள், "அண்ணாச்சி கியரே மாத்தாம ஏத்துதாரு" என்று வாயைப் பிளந்தார்கள். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். ஒரு நொண்டியின் தந்திரத்தை ஊர் வித்தை என்று சொன்னது, நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ ஹெவி லைசென்ஸ் எடுத்து வந்தபோதாவது உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உன் இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன, ஒழுங்காக மிதித்து ஓட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கும் அதே ஒரே கியர் கதையைத்தான் உனக்குப் பாடமாக நடத்தினேன். அதோடு நீயும் லேசுப்பட்ட ஆளில்லை. இரண்டு மாதம் ஓட்டினாய், அதுவும் பாதி நாள் காலி வண்டி. பிறகு ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து போனில் புள்ளி பார்க்கத் தொடங்கிவிட்டாய். இஞ்சினியரிங் படித்தவன், உனக்கே தோன்றியிருக்க வேண்டாமா? அப்பா சொன்னால் ஒரு நாள் முழு லோடோடு நடுப்பகலில் போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டாமா? உனக்குச் சோதித்துப் பார்க்க ஆசையில்லை, சொல்லிக்கொள்ள ஒரு அப்பா வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறவனுக்குப் போன் போட்டு, "ஆர்பிஎம் ஏன் ஏறுது?" என்று கேட்கிறாய். அவன் எந்தக் கையால் போனை எடுப்பான் என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

இனி எஸ் வளைவைப் பற்றிச் சொல்கிறேன். நீ கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த சமயம். அன்றைக்குக் குவாரியில் லோடு தாமதமாகிவிட்டது, புளியரை வரும்போது வெயில் ஏறிவிட்டது. நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் போயிருக்க வேண்டும். பின்னால் இசக்கி வேறொரு முதலாளியின் வண்டியில் வந்துகொண்டிருந்தான், அவன் பார்க்க நான் நிறுத்துவதா என்று ஏறினேன். எஸ் வளைவின் முதல் திருப்பத்தில் எதிரே பஸ் இறங்கிவந்தது. வளைவில் பஸ்காரன் அகலமாகத்தான் வருவான், அவனுக்கு வேறு வழியில்லை. நான் வேகத்தைக் குறைத்தேன். நாலாவது கியரில் இஞ்சின் தடதடவென்று அடித்துக்கொண்டது. உடனே இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டும். கால் போகவில்லை. இஞ்சின் நின்றுவிட்டது. பஸ் போனது. ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்து, முதல் கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டேன். கிளட்சிலிருந்து மெல்ல எடுக்க வேண்டிய இடது கால் வெடவெடவென்று ஆடி நழுவியது. இஞ்சின் மறுபடியும் நின்றது, அந்தக் குலுக்கலில் கியரும் கழன்றது. முழு லோடு. வண்டி பின்னால் போக ஆரம்பித்தது. எனக்குப் பிரேக் மிதிக்கத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த ஒரு நொடி வலது காலுக்கும் இடது காலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் பயம் என்பது, உனக்கு அது இன்னும் வந்ததில்லை.

இசக்கி நல்ல இடைவெளி விட்டுத்தான் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் ஆரியங்காவு கோயிலுக்குப் போகிற வேன், உள்ளே பொம்பளைகளும் பிள்ளைகளும். அவன் பின்னால் போக முடியாது, ஒதுங்கினால் ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் நான் வேகம் பிடித்துப் போய் அவனையும் தள்ளிக்கொண்டு வேன் மேல் விழுந்திருப்பேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? முதல் கியரில் முன்னால் வந்தான். என் வண்டி வேகம் பிடிக்கும் முன்பே ஏறிவந்து, பம்பரை என் பின்பக்கத்தில் கொடுத்து, அப்படியே பிரேக்கில் நின்றான். என் வண்டி அவன் மேல் சாய்ந்து நின்றது. அவன் ரேடியேட்டர் உடைந்து வெந்நீர் ரோட்டில் ஓடியது. வேனில் இருந்தவர்கள் இறங்கிவந்து பார்த்ததைச் சொன்னார்கள். அவர்கள் பார்த்தது என்ன? பின்னால் நின்ற லாரி முன்னால் போய் முன்வண்டியை இடித்தது. அதைத்தான் சொன்னார்கள். பொய்யில்லை, பார்த்ததைத்தான் சொன்னார்கள். இசக்கி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்து, "இல்லை, என் வண்டிதான் உருண்டது, இவன் தடுத்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். "என்ன எசக்கி, பாத்து வரக்கூடாதா?" என்றேன். நான்தான் சொன்னேன், இதே வாயால்.

அவன் முதலாளி அவனை அன்றைக்கே வண்டியை விட்டு இறக்கினார். இடிக்கிற இசக்கி என்று பெயர் வந்தது. இரண்டு வருஷம் ஒருத்தரும் அவனுக்குப் பெரிய வண்டி கொடுக்கவில்லை, தென்காசித் தெருக்களில் குட்டியானை வேனில் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு நான் இரண்டாவது லாரி எடுத்தபோது அவனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன். "அண்ணாச்சிக்குப் பெரிய மனசு, இடிச்சவனுக்கே வாழ்வு குடுத்தாரு" என்று ஊர் சொன்னது. அதற்கும் நான் மீசையை முறுக்கினேன். நீயும் அதை நம்பித்தான் முந்தாநாள், "எங்கப்பா பாவம் பாத்து வச்சிருந்தாரு" என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னாய், என் காதில் விழுந்தது. பாவம் பார்த்தது யார் யாரை என்று இப்போது தெரிந்துகொள். இன்றைக்கு நீ முதலாளியாக இருப்பதற்கும் நான் உயிரோடு இருப்பதற்கும் அவன் பம்பர்தான் காரணம்.

ஆகவே சொல்கிறேன், கேட்டுக்கொள். தப்பாகச் சொல்லிக்கொடுத்த அதே ஆள் இப்போது சரியாகச் சொல்கிறான். முழு லோடோடு மலை ஏற்றுகிறவன் கீழேயே நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். முன்னால் போகிற வண்டி வளைவு தாண்டட்டும், நீ இஞ்சினை அணைத்துவிட்டுத் தண்ணீரும் காற்றும் பார்த்துக்கொண்டு நில். மலையில் டீசலைக் குடிப்பது நடுவில் நின்று மறுபடி எடுப்பதுதான், பன்னிரண்டு நிமிஷம் கீழே நிற்பதில் ஒரு சொட்டுகூடச் செலவில்லை. கியரை வண்டி திணறிய பிறகு இறக்கக் கூடாது. மேடு கண்ணில் பட்டவுடன், வண்டிக்கு இன்னும் தெம்பு இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். வளைவுக்கு முன்பே எந்தக் கியரோ அதைப் போட்டு முடித்து, வளைவில் கிளட்ச் பக்கமே கால் போகாமல் ஒரே சீராக மிதித்துப் போக வேண்டும். நீ ஸ்டிக்கர் ஒட்டிய ஒரே கியர் அங்கே மட்டும்தான் செல்லும், அதுவும் சின்னக் கியர். இஞ்சின் சுற்றைக் காட்டுகிற ஆர்பிஎம் ஊசி கீழே கிடந்தால் டீசல் மிச்சம் என்று உன் ஆப் சொல்வது சமதளத்துக்குச் சரி. மேட்டில் இஞ்சினைத் திணறவிட்டு மிதிக்க மிதிக்க டீசல் கரும்புகையாகப் போகும், வண்டி நகராது. ஊசி பச்சைக்குள் நிற்கட்டும், மிதியைத் தரையோடு அழுத்தாதே. சாரல் விழுந்த ரோட்டில் இன்னும் பதமாக மிதிக்க வேண்டும், வெடுக்கென்று மிதித்தால் பின்சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். நிற்க நேர்ந்தால் கிளட்சில் தொங்கிக்கொண்டு நிற்காதே, ஹேண்ட் பிரேக்கைப் போடு. வண்டி முன்னால் இழுக்கிறது என்று உன் முதுகுக்குத் தெரிந்த பிறகுதான் அதை விட வேண்டும். இதையெல்லாம் இசக்கி பத்து வருஷமாக உன் கண் முன்னாலேயே செய்துகொண்டிருக்கிறான். அவன் கொண்டுவருகிற வண்டியின் கிளட்ச் பிளேட் எவ்வளவு நாள் தாங்குகிறது, மற்ற ஐந்திலும் எவ்வளவு நாள் தாங்குகிறது என்று பட்டறையில் போய்க் கேள். உன் ஆப்பில் அதற்குப் புள்ளி கிடையாது.

நேற்று பஸ் ஏறிச் சுந்தரபாண்டியபுரம் போனேன். அவன் வீட்டு வாசலில் மோட்டார் பம்ப்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள், தண்ணீர்கூடக் கொண்டுவரவில்லை. நியாயம்தான். நான் நின்றுகொண்டே, "எசக்கி, சாவி கொண்டாந்துருக்கேன்" என்றேன். அவன் தலையைத் தூக்கவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்கு நான் முன்னால வரலைன்னா என்ன ஆயிருக்கும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் யார்ட்டயும் சொல்லல. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றான். எத்தனை வருஷம் இருந்திருக்கிறான் பார். திட்டியிருந்தால் நான் திரும்பித் திட்டிவிட்டு வந்திருப்பேன். கடைசியில் அவன்தான், "வண்டி எடுக்கேன். ஆனா நீங்க பக்கத்துல உக்காரணும். மேல போய்ச் சேருத வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது" என்றான். சரி என்றேன்.

இன்று மாலை மற்ற ஐந்து பேரையும் டீக்கடையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், முழங்காலில் இருந்து ரேடியேட்டர் வரைக்கும். ஒருவன் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போனான். சிவகிரிக்காரன் மட்டும், "அப்போ இனிமே கியர எறக்கலாமா அண்ணாச்சி? ரெண்டு மாசமா எஸ் வளைவுல இஞ்சின் தட்டுது. எறக்குனா தம்பி வையுவாருன்னு சாமியக் கும்பிட்டுட்டே ஏத்துதேன்" என்றான். என் மானம் மரியாதையெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. உயிரோடு கோட்டைவாசல் போய்ச் சேர அவனுக்கு ஒரு உத்தரவு வேண்டியிருந்தது. இறக்கு என்றேன். அவன் கேபினில் இருந்த ஸ்டிக்கரை நானே நகத்தால் சுரண்டி எடுத்தேன். இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்த பிறகு கடைசியாக உனக்குத் தெரிகிறது. வேண்டுமென்றுதான் அப்படி வைத்தேன். கையை ஏந்திக்கொண்டு நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று கொஞ்சமாவது உனக்குத் தெரிய வேண்டும்.

சாவியைத் தேடாதே. தாம்பாளத்தில் இருந்து எடுத்தது நான்தான், கணக்குப்பிள்ளையை வையாதே. அது நான் வாங்கிய பழைய வண்டி, ஆர்.சி. புக் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது, போலீசுக்குப் போனாலும் சிரிப்பார்கள். நீ இதைப் படிக்கிற நேரம் நானும் இசக்கியும் எம் சாண்ட் லோடோடு செங்கோட்டையைத் தாண்டியிருப்போம். மற்ற ஐந்து பேரிடமும் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இசக்கியிடம் என்ன பேசப்போகிறாய் என்பதை நீயே முடிவு செய்துகொள், நன்றாகப் பேசவில்லை என்றால் உன் வீட்டுப் படியை நானும் மிதிக்க மாட்டேன், உன் அம்மாவும் மிதிக்க மாட்டாள்.

போனை எடுத்துப் பார். ஆப் மேப்பில் எங்கள் வண்டியின் புள்ளி புளியரையில் போய் நிற்கும். பன்னிரண்டு நிமிஷம் நிற்கும், கூடவும் நிற்கலாம். மேலே ஏறும்போது நான் வாய் திறக்கக் கூடாது என்பது அவன் உத்தரவு, அதனால் எஸ் வளைவில் நான் சொல்லியிருக்க வேண்டியதை அவன் முகத்தைப் பார்த்து அங்கே கீழே வைத்துத்தான் சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் போன் அடிக்காதே. புள்ளி நகர ஆரம்பித்த பிறகும் அடிக்காதே, அவன் கையில் கியர் இருக்கும். உன் ஆப்பில் சிவப்பு விழும். அதை அவன் பெயரில் போடாதே, என் பெயரில் போடு.